குருடர் கண்ட கிளிஞ்சல்

குருடர் யானை பார்த்த கதையை அறியாதார் யார்? காலைத் தடவியவன் உரல் என்றான். காதைத் தடவியவன் முறம் என்றான். வாலைப் பிடித்தவன் துடைப்பம் என்று சாதித்தான். கண்ணில்லாதவனுக்கு உருவத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஏளனம் செய்வதற்கென்றே ஏற்பட்ட கதை போலிருக்கிறது அது. நானும் வகுப்பிலே எத்தனையோ தடவை அதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் கிளிஞ்சல்களை வகைப்படுத்திய சரித்திரத்தைச் சமீபத்தில் படித்தபோது, இனிமேல் அந்தக் கதையைச் சொல்லுமுன் சற்று யோசிக்க வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால், கண்ணுக்கு விருந்தாக விளங்குகிற அந்தக் கிளிஞ்சல் உலகத்தைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லித் தந்தவர்களில் மூன்று பேர் குருடர்கள்.

கிளிஞ்சல் நமக்குப் புதிய வஸ்துவன்று. குழந்தைக்குப் பால் புகட்டச் சங்கு, தாயமாடச் சோழி, வெற்றிலையில் தடவக் கிளிஞ்சல் சுண்ணாம்பு என்று வீட்டுக்குள்ளேயே அது புழங்கி வந்திருக்கிறது. சங்கு, சோழி, சிப்பி, மட்டி, நத்தை என்று தனித்தனிப் பெயர்களும் வைத்திருக்கிறோம். ஆனால் ஓட்டுக்குள் வாழும் இந்த மெல்லுடல் பிராணிகள் பல்லாயிரக்கணக்கான வகைகள். அத்தனையையும் ஐந்தாறு பெயர்களில் அடக்க முடியுமா? எது எதனோடு சேரும், எது எதற்கு உறவு என்று நிச்சயிப்பது எப்படி?

17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்களுக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை. கீழ்த்திசைக்கு வந்த வியாபாரக் கப்பல்கள் மிளகையும் கிராம்பையும் மட்டுமின்றி, மாலுமிகளின் மூட்டைகளில் கிளிஞ்சல்களையும் ஏற்றிச் சென்றன. அவற்றை விலை கொடுத்து வாங்கி, இழுப்பறைகள் வைத்த அலமாரிகளில் பரப்பி, விருந்தாளிகளுக்குத் திறந்து காட்டுவது ஒரு கௌரவமாக இருந்தது. நடுவிலே பெரியது, சுற்றிலும் சிறியது என்று நிறம் பார்த்துக் கோலம் போட்டாற்போல் அடுக்குவார்கள். அது அலங்காரம், ஒழுங்கு அல்ல.

கண்ணுள்ளவர்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று இருக்கிறது. 1650-இல் டச்சு ஓவிய மேதை ரெம்பிராண்ட் கூம்பு வடிவமான ஒரு கிளிஞ்சலைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். தகட்டில் உள்ளதைக் காகிதத்தில் ஒற்றினால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும் அல்லவா? தம் கையெழுத்து நேராக விழ வேண்டுமென்று அதைத் திருப்பி எழுத ரெம்பிராண்ட் மறக்கவில்லை. கிளிஞ்சலைத் திருப்பத்தான் மறந்துவிட்டார். ஆகவே உலகத்தில் மிகமிக அரிதான இடப்பக்கச் சுழற்சி அந்தப் படத்தில் வந்து சேர்ந்தது. 1681-இல் ரோமாபுரிப் பாதிரியார் பிலிப்போ போனான்னி முழுக்க முழுக்கக் கிளிஞ்சல்களுக்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டார். அதிலும் இதே கதிதான். பக்கத்துக்குப் பக்கம் நத்தைகள் கண்ணாடியில் பார்த்தாற்போல் தலைகீழாகச் சுழன்றன.

வலம்புரிச் சங்கு என்றால் என்னவென்று அறிந்த நமக்கு இந்தப் பிழையின் பரிமாணம் உடனே விளங்கும். இன்னொரு விநோதமும் உண்டு. நாம் வலம்புரி என்று பூஜையில் வைக்கும் அதே சங்கைத்தான் ஐரோப்பிய சாஸ்திரிகள் ‘இடப்பக்கம் சுழல்வது’ என்கிறார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் சங்கின் சுருள் முனையை மேலே பிடித்து, வாய் தம்மை நோக்கும்படி வைத்துப் பார்க்கிறார்கள்; நாமோ அந்த முனையைக் கீழே வைத்துப் பிடிக்கிறோம். வாய் அவர்களுக்கு இடப்புறம் தெரிகிறது, நமக்கு வலப்புறம் தெரிகிறது. வகைப்படுத்துவதற்கு முன்னால், எப்படிப் பிடித்துக்கொண்டு பார்ப்பது என்பதில் ஓர் உடன்பாடு வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் கிடைக்காது.

ஐரோப்பாவில் அந்தச் சமயத்தில் உண்மையாக உழைத்தவர்களும் இல்லாமலில்லை. மார்ட்டின் லிஸ்டர் என்ற ஆங்கில வைத்தியர் 1685 முதல் 1692 வரை கிளிஞ்சல்களைப் பற்றி ஒரு பெரும் படத் தொகுதியை வெளியிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட அதன் படங்களை வரைந்தும் செதுக்கியும் கொடுத்தவர்கள் அவருடைய பெண்கள் சூஸன்னாவும் ஆன்னாவும். வேலை தொடங்கியபோது அவர்களுக்குப் பதினான்கு பதினைந்து வயது.

* * *

இப்பொழுது அலமாரிகளை விட்டுக் கடலுக்குப் போவோம். மலூக்குத் தீவுகளில் அம்பொயினா என்று ஒரு தீவு. இன்றைய இந்தோனேசியாவில் அம்போன் என்று வழங்குவது அதுவே. கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த பாவத்துக்காக அந்தப் பிரதேசம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இரும்புப் பிடியில் அகப்பட்டுத் தவித்தது. 1621-இல் பாண்டாத் தீவு மக்களை அந்தக் கம்பெனியார் கொன்றும் துரத்தியும் ஜாதிக்காய்த் தோட்டங்களைக் கைப்பற்றிய வரலாறு தனியே எழுதவேண்டிய சோகக் காவியம். அப்படிப்பட்ட கம்பெனியின் சேவகத்தில் ஏறக்குறைய 1654-ஆம் ஆண்டு அம்பொயினாவில் வந்து இறங்கினார் கேயோர்க் எபர்ஹார்ட் ரும்ப் என்ற ஜெர்மானிய வாலிபர். ரும்பியஸ் என்று லத்தீன் மயமாக்கப்பட்ட பெயரே பிற்காலத்தில் நிலைத்தது.

வந்தது சிப்பாயாக. பிறகு வியாபாரப் பகுதிக்கு மாறினார். ஆனால் மனம் கிராம்புக் கணக்கில் பதியவில்லை. செடிகொடிகளிலும் கடற்கரையிலுமே கிடந்தது. சூஸன்னா என்ற மாதை மணந்தார். செடிகளை முதன்முதலில் தேடித் தந்த துணைவி என்று பின்னால் அவளை நினைவுகூர்ந்து, ஒரு வெள்ளைக் காட்டுமலருக்கு அவள் பெயரையே சூட்டினார். ஊர்க்காரர்கள் வலையில் விழுந்ததையும் பாறையில் ஒட்டியதையும் கொண்டு வந்து கொடுத்தார்கள். அதன் பெயர் என்ன, எங்கே இருக்கும், தின்னலாமா, கடிக்குமா என்று அவர் கேட்டுக் கேட்டு எழுதினார்.

1670-இல், நாற்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், இரண்டு கண்ணும் போயின. நான்கு ஆண்டுகள் கழித்து 1674 பிப்ரவரி 17-ஆம் நாள் இரவு பூமி அதிர்ந்தது. சீனர் புதுவருஷக் கொண்டாட்டத்தைக் காணச் சென்றிருந்த சூஸன்னாவும் ஒரு பெண் குழந்தையும் இடிந்து விழுந்த சுவரின் கீழ் மாண்டார்கள். கடல் பொங்கி வந்து 2,000 பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயிற்று. அந்தக் கடற்பெருக்கைப் பற்றி நிதானமாக ஒரு விவரணம் எழுதி வைத்ததும் இந்தக் குருடரே. 1682-இல், வருஷக்கணக்காகச் சேர்த்த கிளிஞ்சல் தொகுதி இத்தாலியில் டஸ்கனியை ஆண்ட பிரபு மூன்றாம் கோஸிமோவுக்கு விற்பனையாயிற்று. 1687 ஜனவரியில் ஊரில் பற்றிய தீ அவருடைய புத்தகங்களையும் சித்திரங்களையும் சாம்பலாக்கியது. மகனும் எழுத்தர்களும் சித்திரக்காரர்களும் உதவி செய்ய, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். 1692-இல் தாவர நூலின் கையெழுத்துப் பிரதியைக் கப்பலில் ஏற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலை மூழ்கடித்தார்கள். நல்ல வேளையாகப் படேவியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த கம்ப்ஹைஸ் அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். நகல் ஹாலந்து போய்ச் சேர்ந்ததும் கம்பெனி டைரக்டர்கள் என்ன செய்தார்கள்? வாசனைத் திரவியங்களைப் பற்றிய ரகசியம் வெளியே போய்விடுமென்று பூட்டி வைத்தார்கள்! அது அச்சேறத் தொடங்கியது 1741-இல்தான்.

கிளிஞ்சல் நூல் கம்பெனியாரின் பூட்டுக்குத் தப்பியது. ஹாலந்தில் டெல்ப்ட் நகரத்து வைத்தியரான ஹென்ட்ரிக் தாக்கே என்ற நண்பருக்கு ரும்பியஸ் அதை அனுப்பி வைத்தார். 1702-இல் அவர் அம்பொயினாவிலேயே காலமானார். ‘அம்பொயினாவின் அபூர்வப் பொருட் சாலை’ என்ற பெயருடன் 60 படத் தகடுகளோடு 1705-இல் ஆம்ஸ்டர்டாமில் நூல் வெளிவந்தது. கிடைக்காத சித்திரங்களுக்குப் பதிலாக ஹாலந்து நாட்டுச் சேகரிப்புகளிலிருந்த கிளிஞ்சல்களைப் பார்த்து வரைந்து சேர்த்தார்கள்.

அந்த நூலில் அப்படி என்ன இருக்கிறது? முதற் பகுதி நண்டு போன்ற மெல்லோட்டுப் பிராணிகளைப் பற்றியது, இரண்டாவது கிளிஞ்சல்கள், மூன்றாவது கல்லும் கனியும். கிளிஞ்சல்களை உருவ ஒற்றுமை நோக்கிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தார். போர்த் தொப்பி போன்றவை ஒரு கூட்டம், யாழ் போன்றவை ஒரு கூட்டம், சோழிகள் ஒரு கூட்டம், இறக்கை விரித்தாற்போன்றவை ஒரு கூட்டம். லத்தீன் பெயரும் டச்சுப் பெயரும் கொடுத்ததோடு நில்லாமல் மலாய்ப் பெயரையும் அம்பொயினாக்காரர்கள் வழங்கும் பெயரையும் பக்கத்திலேயே பதிந்தார். ஆனால் பெயர்ப் பட்டியலோடு அவர் நிறுத்தியிருந்தால் இன்று நாம் அவரை நினைக்கக் காரணமில்லை. எது மணலில் புதைகிறது, எது பாறையில் அப்பிக்கொள்கிறது, எதன் வாய்மூடியைத் தூபத்தில் சேர்க்கிறார்கள், எதை அவித்துத் தின்கிறார்கள் என்றெல்லாம் எழுதினார். நாட்டிலஸ் என்ற அறையறையான ஓட்டை ஐரோப்பியர் வெள்ளியில் பதித்துக் கிண்ணமாக்கி மகிழ்ந்தார்களே தவிர, அதற்குள் வாழும் ஜந்து எப்படி இருக்கும் என்று அறியார். அந்த ஜந்துவின் உருவத்தைக் காட்டியது ரும்பியஸின் நூல். 1832-இல் ரிச்சர்டு ஓவன் அதை அறுத்து ஆராய்ந்து எழுதும் வரையில், ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகம் இந்தப் படத்தையே நம்பியிருந்தது.

இழுப்பறையில் கிடப்பது ஓடு. கடலில் இருப்பது உயிர். கண்ணுள்ள பிரபுக்கள் ஓட்டைப் பார்த்தார்கள். கண்ணற்றவர், அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்டு, உயிரை அறிந்தார்.

இந்த வேறுபாடு வெறும் வார்த்தை விளையாட்டல்ல என்பதை உணர்த்த அதே நூலில் ஒரு சம்பவம் இருக்கிறது. பாண்டாத் தீவில் ஓர் அடிமைப் பெண் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தாள். வலையோடு வந்த ஒரு சிறு கூம்பு நத்தையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கரைக்கு நடந்து வரும்போது கையில் லேசாக ஒரு நமைச்சல் தோன்றியது. அது கைவழியே ஏறி உடம்பெல்லாம் பரவியது; அவள் மாண்டாள். அழகிலே ஈடில்லாத அந்தக் கூம்பு நத்தைகளுக்குள் விஷ அம்பு இருக்கிறது. மீனையும் புழுவையும் எய்து உண்பவை அவை. கூம்பு நத்தையால் மனிதர் இறந்ததற்கு எழுத்தில் உள்ள முதற் சான்று இதுவே. ஹாலந்திலே பிரபுக்கள் பொன் கொடுத்து வாங்கிப் பட்டுத் துணியில் வைத்த அதே பொருள், பாண்டாவிலே ஒரு பெண்ணின் உயிரைக் குடித்தது. அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கிளிஞ்சலுக்கு மூன்று பாஷைகளில் பெயர் இருக்கிறது; அவளுக்கு ஒன்றிலும் இல்லை. அடிமைக்கு ஏது சரித்திரம்?

அந்த விஷத்தை நம் காலத்தில் ஆராயப் புகுந்தவர்களில் முதன்மையானவர் பால்டோமெரோ ஒலிவேரா என்ற பிலிப்பைன்ஸ் தேசத்து விஞ்ஞானி. ஒரு கூம்பு நத்தையின் விஷத்திலிருந்து அவருடைய ஆராய்ச்சிக் கூட்டத்தார் கண்ட பொருள், வேறெதற்கும் அடங்காத வலியைத் தணிக்கும் மருந்தாக 2004-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கீழ்த்திசைக் கடலில் ஒருத்தி மாண்ட கதையின் பிற்பகுதியைக் கீழ்த்திசையில் பிறந்த ஒருவரே எழுதியிருக்கிறார் என்பதில் நமக்குத் திருப்தி உண்டு.

* * *

1758-இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் தம் ‘இயற்கை ஒழுங்கு’ என்னும் நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். ஒவ்வொரு ஜந்துவுக்கும் இரண்டே சொற்களில் பெயர்: முதற்சொல் குடிப்பெயர் மாதிரி, இரண்டாம் சொல் தன் பெயர் மாதிரி. இன்றும் உலகமெங்கும் அந்த முறையே வழங்குகிறது. கிளிஞ்சல்களுக்குப் பெயர் சூட்டும்போது பல இடங்களில் ரும்பியஸின் படத்தையே அவர் சான்றாகக் காட்டினார். நம்முடைய சங்கும் 1767-இல் அவரிடம் பெயர் பெற்றது. ‘பைரம்’ என்று அவர் வைத்த இரண்டாம் சொல்லுக்கு பேரிக்காய் என்று பொருள்! பாஞ்சஜன்யத்தின் இனத்துக்குப் பேரிக்காய் என்று பெயர் வைப்பதா என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். உருவத்தை மட்டும் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும்.

உருவத்தை மட்டும் பார்த்ததனால் வந்த பெரும்பிழை வேறொன்று. ஓடுள்ளவற்றை ஒரு வரிசையிலும், ஓடில்லாத மெல்லுடல்களை இன்னொரு வரிசையிலும் லின்னேயஸ் வைத்தார். மழைக்காலத்தில் தோட்டத்தில் ஊரும் நத்தையையும், ஓடில்லாத நத்தையையும் பார்த்த எந்தச் சிறுவனும் இரண்டும் ஒரே ஜாதி என்று சொல்லிவிடுவான். லின்னேயஸின் அட்டவணையில் அவை வேறு வேறு வீட்டில் குடியிருந்தன. ஓடில்லாத நத்தைக்கு அண்டை வீட்டுக்காரர் யார் தெரியுமா? நட்சத்திர மீனும் சொறி மீனும்!

இதற்கு ஓராண்டு முன்னதாகவே, 1757-இல், மிஷேல் அடான்சன் என்ற பிரெஞ்சுக்காரர், ஓட்டைப் பார்த்தால் போதாது, உள்ளே இருக்கும் பிராணியைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆப்பிரிக்காவில் செனகல் கடற்கரையில் சில ஆண்டுகள் இருந்து உயிருள்ள நத்தைகளைக் கண்டு வந்தவர் அவர். அந்தக் கருத்து பலித்தது 1795-இல். அப்போதுதான் கூவியே என்பவர் உடலை அறுத்து உள்ளுறுப்புகளின் அமைப்பைக் கொண்டு இந்தக் கூட்டங்களை மறுபடியும் பிரித்து அடுக்கினார்.

அதே பாரிஸ் நகரில் கூவியேயின் சகாவாக இருந்தவர் லாமார்க். தாவர சாஸ்திரத்தில் பெயரெடுத்தவர். 1793-இல், நாற்பத்தொன்பதாம் வயதில், ‘பூச்சி புழுக்களுக்குப் பேராசிரியர்’ என்று அவருக்கு ஓர் உத்தியோகம் கொடுத்தார்கள். யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய பகுதி அது. முதுகெலும்பில்லாத பிராணிகள் என்ற வழக்கையே ஏற்படுத்தி, அந்தக் குப்பையிலிருந்து ஒரு சாஸ்திரத்தை அவர் எழுப்பினார். லின்னேயஸின் பெரிய கூட்டங்களைப் பிரித்துப் புதிய குடும்பங்களை வகுத்தார். நம் சங்குக்கு ‘டர்பினெல்லா’ என்று இன்று வழங்கும் குடிப்பெயரை 1799-இல் தந்தவர் அவரே. பாரிஸைச் சுற்றிப் பூமிக்கடியில் கல்லாகிக் கிடந்த பழங்கிளிஞ்சல்களையும் கடலில் இன்று வாழும் கிளிஞ்சல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், ஜீவ இனங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. டார்வினுக்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே அவர் அதை வெளியிட்டார்.

அவருக்கும் கண் போயிற்று. 1815-இல் தொடங்கிய அவருடைய ஏழு தொகுதி நூலின் கடைசிப் பகுதிகளை அவர் வாயால் சொல்ல மகள் எழுதினாள். 1829-இல் வறுமையில் இறந்தார். சொந்தமாக ஒரு சமாதிக்கும் இடமில்லை. தற்காலிகக் குழியில் புதைத்த எலும்புகள் பின்னர் எங்கோ கலந்துவிட்டன. பாரிஸ் தோட்டத்தில் 1909-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். குருட்டுத் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று மகள் ஆறுதல் சொல்வதாக அதிலே ஒரு சிற்பம் இருக்கிறது.

* * *

மூன்றாமவர் நம் காலத்தவர். கேராட் வெர்மெய் ஹாலந்தில் 1946-இல் பிறந்தார். மூன்றாம் வயதில் பார்வை அடியோடு போயிற்று. பெற்றோர் பின்னர் அமெரிக்காவுக்குக் குடியேறினார்கள். அங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் அவருடைய உபாத்தியாயினி, புளோரிடாக் கடற்கரையில் பொறுக்கிய சில கிளிஞ்சல்களை வகுப்பு ஜன்னலில் வைத்திருந்தாள். சிறுவன் அவற்றை எடுத்துத் தடவினான். ஹாலந்துக் கடற்கரையில் தான் தொட்டறிந்த கிளிஞ்சல்கள் சொரசொரப்பாகவும் சுண்ணாம்பு போலவும் இருக்கும்; இவையோ வழவழவென்றும் விசித்திர வளைவுகளோடும் இருந்தன. ஏன் இப்படி? வெயில் மிகுந்த கடலில் மட்டும் ஏன் இந்த நேர்த்தி? ஜன்னலோரத்தில் பிறந்த அந்தக் கேள்வியே அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று.

அவர் கலிபோர்னியா சர்வகலாசாலையில் பேராசிரியரானார். விரல் நுனியாலும் நகத்தாலும் ஓட்டைத் தடவியே இனத்தைச் சொல்லிவிடுவார். அதைவிட முக்கியமானது வேறு. ஓடுகளின் மேல், உடைந்து பின் கூடிய வடுக்கள் அவர் விரலுக்குத் தட்டுப்பட்டன. 1970-இல் பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவுக்குச் சென்றபோது, நண்டுகள் கிளிஞ்சலைக் கொடுக்கால் நொறுக்கித் தின்பதை அறிந்தார். தடித்த ஓடு, குறுகிய வாய், முள்ளும் முடிச்சும் எல்லாம் வெறும் அழகல்ல. நண்டுக்கும் மீனுக்கும் எதிராக யுகயுகமாக எழுப்பிய கோட்டைச் சுவர். எதிரியின் கொடுக்கு வலுக்க வலுக்க ஓடும் வலுத்தது. இந்த இடையறாத போட்டி ஜீவராசிகளின் சரித்திரத்தையே உருவாக்கியிருக்கிறது என்று 1987-இல் ஒரு நூலில் விரித்தார். வர்ணத்தில் மயங்கிய கண்களுக்குப் பெரும்பாலும் வெறும் ஊனமாகத் தோன்றிய வடுவை, வர்ணம் தெரியாத விரல் வாசித்துவிட்டது.

கண்ணில்லாதது மேல் என்று சொல்ல வரவில்லை. ரும்பியஸுக்கு மகனும் எழுத்தர்களும் கரையோர மக்களும் கண்ணாக இருந்தார்கள். லாமார்க்குக்கு மகள் இருந்தாள். வெர்மெய்க்குப் புத்தகங்களைப் படித்துக் காட்டப் பலர் இருந்தார்கள். யானை பார்த்த குருடர்கள் செய்த தவறு தடவிப் பார்த்தது அல்ல. ஒரே இடத்தைத் தடவிவிட்டு, அடுத்தவன் சொல்வதைக் கேட்காமல் சாதித்ததுதான். இந்த மூவரும் ஓயாமல் தடவினார்கள், பிறரைக் கேட்டார்கள்.

ஒரு விஷயம் மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. நம்முடைய கடற்கரையிலும் சங்கு குளிப்பவர்களும் கரைவலை இழுப்பவர்களும் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறார்கள். எந்தக் கிளிஞ்சல் எந்த மாதத்தில் எந்த ஆழத்தில் கிடைக்கும், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது. நம் பிள்ளைகளோ அந்தப் பெயர்களை அறியாமல், பாடப் புத்தகத்திலுள்ள லத்தீன் பெயர்களைப் பரீட்சைக்காக நெட்டுருப் போடுகிறார்கள். அம்பொயினாக் கரையின் பெயர்களை எழுதி வைக்க எங்கிருந்தோ ஒருவர் வர வேண்டியிருந்தது. நம் கரையின் பெயர்களை எழுத நாமே போகலாம், அதிக தூரமில்லை.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது குழந்தைகளிடம் ஒரு கிளிஞ்சலைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கூம்பு வடிவில் இருந்து உள்ளே உயிரும் இருந்தால் மட்டும் வேண்டாம். பாண்டாவின் பெயர் தெரியாத பெண் நமக்குத் தந்த எச்சரிக்கை அது. பிறகு பக்கத்தில் வலை உலர்த்துகிற பெரியவரிடம், “ஐயா, இதற்கு இங்கே என்ன பெயர்?” என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். சொன்னவர் பெயரையும் சேர்த்து.